பாலைவனம் கற்பிக்கும் பாடம்



நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்தாகப் பகுத்துக் கண்டனர். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். மணலும் மணல் சார்ந்த இடமும் பாலை என்று ஐந்தாவதையும் சேர்த்து மனப்பாடம் செய்வது நம் வழக்கம். ஆயினும் பழந்தமிழ் நூல்களை ஊன்றிப் படித்தால் வியப்பான செய்தி ஒன்று புலப்படும். தொல்காப்பியர் மற்ற நான்கிற்கும் நிலம் வகுத்தார். பாலைக்கு மட்டும் தனியே ஒரு நிலம் வகுக்கவில்லை. மலைநிலமும் காட்டுநிலமும் மழையின்றி வெயிலால் வாடித் தம் வளத்தை இழக்கும்போது, அவையே பாலையாகி விடுகின்றன என்று இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் விளக்குகிறார்.

அப்படியானால், பாலை என்பது மணலைக் குறிக்கும் பெயரன்று; நீரை இழந்த நிலத்தின் நிலையைக் குறிக்கும் பெயராகும். இன்றைய புவியியல் அறிஞர் கூறும் விளக்கமும் இதனோடு பெரிதும் ஒத்துப் போகின்றது. இக்கருத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டு, உலகத்துப் பாலைவனங்களின் இயல்புகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. பாலைவனம் என்பது யாது?

பாலைவனம் என்றதும் கொளுத்தும் வெயிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மணற்குன்றுகளும் ஒட்டக வரிசையும் நம் எண்ணத்தில் தோன்றுகின்றன. இவை பாலைவனத்தின் ஒரு தோற்றமே. அதன் இலக்கணம் அல்ல. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்குமாயின் அந்நிலத்தைப் பாலைவனம் என்பது பொதுவான வழக்கு. பெய்யும் நீரைவிட ஆவியாகிப் போகக்கூடிய நீர் பன்மடங்கு மிகுதி என்பது அதன் மற்றோர் அடையாளம். வரவு சிறிது, செலவு பெரிது. இதுவே பாலைவனத்தின் கணக்கு.

இந்த அளவை நம் நாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேராக் மாநிலத்தின் தைப்பிங் நகரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. சிங்கப்பூரில் 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கின்றது. ஒரு பாலைவனம் பதினாறு ஆண்டுகளில் பெறும் மழையைத் தைப்பிங் ஒரே ஆண்டில் பெற்று விடுகின்றது எனலாம். தென் அமெரிக்காவில் சிலி நாட்டிலுள்ள அரிக்கா என்னும் ஊரிலோ, ஆண்டின் சராசரி மழை 1 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை.

மழையின் அளவே இலக்கணம் என்றால், பனி மூடிய அண்டார்டிகாவும் பாலைவனமே ஆகும். அதன் உட்பகுதியில் ஓராண்டில் விழும் பனியை உருக்கினால் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் நீர்தான் கிடைக்கும். ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடைய அக்கண்டமே உலகின் மிகப் பெரிய பாலைவனம். வெப்பப் பாலைவனங்களுள் பெரியது ஆப்பிரிக்காவின் சகாரா. அதன் பரப்பு ஏறத்தாழ 90 இலட்சம் சதுர கிலோமீட்டர். மலேசியாவைப் போல் 25 மடங்குக்கும் மேலாகும். அந்தச் சகாராவிலும் மணல் மூடிய பகுதி ஏறத்தாழ கால் பங்குதான். எஞ்சியவை கற்பரப்புகளும் கூழாங்கல் வெளிகளும் மொட்டை மலைகளுமே.

2. பாலைவனங்கள் தோன்றியது எவ்வாறு?

ஓரிடத்தில் மழை கொட்டுவதும் மற்றோரிடத்தில் துளியும் விழாதிருப்பதும் தற்செயலாக நிகழ்வன அல்ல. அதற்குக் காரணங்கள் உள்ளன.

முதற்காரணம், காற்றின் சுழற்சி. நிலநடுக்கோட்டுப் பகுதியில் கதிரவனின் வெப்பம் மிகுதி. அங்கே சூடேறிய காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலே எழுகின்றது. உயரத்தில் குளிர்ந்ததும் அந்த ஈரத்தை மழையாகக் கொட்டி விடுகின்றது. பிற்பகல் வேளைகளில் இடியும் மின்னலுமாக நம் தோட்டப்புறங்களை நனைக்கும் மழையும் இவ்வாறு எழும் காற்றினால் உண்டாவதே. ஈரத்தை இழந்த காற்று உயரத்திலேயே வடக்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் சென்று, ஏறத்தாழ 30 பாகை அட்சரேகைக்கு அருகில் கீழே இறங்குகின்றது. இறங்கும் காற்று மேலும் சூடேறுவதால் அங்கு மேகம் திரள்வதில்லை. சகாரா, அரேபியா, கலகாரி, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் பாலைவனங்கள் இந்த இரு வளையங்களை ஒட்டியே அமைந்துள்ளன. நிலநடுக்கோட்டு நாடுகளை நனைத்துவிட்டுப் போகும் காற்றே வறண்ட காற்றாகப் பாலைவனங்களின்மேல் இறங்குகின்றது என்பதை அறியும்போது, உலகம் முழுவதும் ஒரே வீடு என்பது விளங்குகின்றது அல்லவா?

இரண்டாம் காரணம், மலைத்தடை. ஈரக்காற்று உயர்ந்த மலையில் மோதி ஏறும்போது ஒரு பக்கத்திலேயே மழையைப் பொழிந்து விடுகின்றது. மறுபக்கம் மழை மறைவுப் பகுதியாகின்றது. இமயமலையும் திபெத்து மேட்டுநிலமும் தடுப்பதால்தான் அவற்றுக்கு வடக்கேயுள்ள தக்லமக்கான், கோபி ஆகிய பாலைவனங்களுக்கு இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்று எட்டுவதில்லை.

மூன்றாம் காரணம், கடலிலிருந்து நெடுந்தொலைவில் இருத்தல். காற்று கண்டத்தின் நடுப்பகுதியை அடைவதற்குள் தன் ஈரத்தையெல்லாம் வழியிலேயே இழந்து விடுகின்றது. கோபிக்கு இக்காரணமும் பொருந்தும்.

நான்காம் காரணம், குளிர்ந்த கடல் நீரோட்டம். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனமும் தென்மேற்கு ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனமும் கடற்கரையை ஒட்டியே கிடக்கின்றன. எனினும் அங்குள்ள கடல்நீர் குளிர்ச்சியாக இருப்பதால் காற்று மேலெழுவதில்லை. மூடுபனி உண்டாகின்றது, மழை உண்டாவதில்லை. கண்ணெதிரே கடல் இருந்தும் குடிக்க நீரில்லாத நிலை இதுவாகும்.

3. வெயிலும் குளிரும், மண்ணும் காற்றும்

அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் 1913-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் 56.7 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டுள்ள மிக உயர்ந்த வெப்பநிலை இதுவே. லிபியா நாட்டில் 1922-இல் 58 பாகை பதிவானதாகப் பழைய நூல்கள் கூறும். அளவெடுத்ததில் பிழை இருந்ததென ஆராய்ந்து, 2012-இல் அவ்வமைப்பு அதனை நீக்கி விட்டது. மலேசியாவில் பதிவான உயர்ந்த வெப்பநிலை, 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் பதிவான 40.1 பாகையாகும்.

பகலில் சுடும் பாலைவனம் இரவில் நடுங்க வைக்கும். நம் நாட்டில் காற்றிலுள்ள ஈரமும் மேகமும் ஒரு போர்வையைப் போலிருந்து பகலின் வெப்பத்தை இரவிலும் ஓரளவு காக்கின்றன. பாலைவனத்திற்கு அந்தப் போர்வை இல்லை. ஆகையால் நிலம் பெற்ற வெப்பமெல்லாம் இரவில் வானை நோக்கி வெளியேறி விடுகின்றது. கோபியைப் போன்ற குளிர்ப் பாலைவனங்களில் குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே 40 பாகை வரையிலும் குளிர் இறங்குவதுண்டு.

பாலைவன மண்ணில் தாதுப்பொருள்கள் உண்டு. மக்கிய இலைதழை மிகக் குறைவு. மண்ணிலுள்ள நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்பு மேற்பரப்பில் தங்கி விடுகின்றது. வேர்கள் பிடித்துக்கொள்ளாத மண்ணைக் காற்று எளிதில் தூக்கிச் செல்கின்றது. என்றோ ஒருநாள் பெருமழை பெய்தாலும் இறுகிய நிலம் அதனை உறிஞ்சுவதில்லை. வறண்டு கிடந்த ஓடைகளில் திடீர் வெள்ளம் பாய்ந்து மறைந்து விடுகின்றது. மண்ணின்மேல் பச்சைப் போர்வை இல்லாவிட்டால் மழையும் பயன்படாது என்னும் உண்மையை இங்கு நன்கு கவனித்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

4. சிக்கனத்தின் சின்னங்களான தாவரங்கள்

இத்தகைய நிலத்திலும் உயிர்கள் வாழ்கின்றன. அவை வாழும் முறை நமக்கு வியப்பூட்டுவதாகும்.

அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் வளரும் சகுவாரோ கள்ளி 12 மீட்டர் உயரத்திற்கும் மேல் வளரக்கூடியது. அதன் தண்டில் மேலிருந்து கீழாக மடிப்புகள் உள்ளன. மழை பெய்ததும் அம்மடிப்புகள் விரிந்து தண்டு நீரைச் சேமிக்கும். வறட்சியில் மீண்டும் சுருங்கும். அதன் இலைகள் முட்களாக மாறியுள்ளமையால் நீர் வீணாவதில்லை. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கின்றன. கள்ளியோ இரவின் குளிர்ச்சியில் திறந்து, வேண்டிய காற்றைச் சேமித்துக்கொண்டு, பகலில் மூடிக்கொள்கின்றது. அது முதற்கிளை விடுவதற்கே 50 முதல் 75 ஆண்டுகள் வரை ஆகலாம். மற்றொரு செய்தியும் உண்டு. சகுவாரோவின் சிறு கன்று வெட்டவெளியில் எளிதில் பிழைப்பதில்லை. வேறொரு மரத்தின் நிழலில்தான் அது பெரும்பாலும் தன் இளமைக் காலத்தைக் கழிக்கின்றது. உறுதிமிக்க கள்ளிக்கும் இளமையில் ஒரு நிழல் வேண்டியிருக்கிறது!

நமீப் பாலைவனத்தின் வெல்விட்சியா என்னும் செடி தன் வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகளைத்தான் வளர்க்கின்றது. அவ்விலைகள் காற்றில் கிழிந்து பல இலைகள் போலத் தோன்றும். அவற்றுள் சில செடிகள் 1,000 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்துள்ளன.

வேறு சில தாவரங்கள் விதையாகவே காத்திருக்கின்றன. அவ்விதைகளின் மேலுறையில் முளைப்பதைத் தடுக்கும் பொருள் ஒன்று உள்ளது. சிறு தூறலில் அது கரைவதில்லை. செடி பூத்துக் காய்ப்பதற்குப் போதுமான மழை பெய்தால்தான் கரைந்தோடும். அதன் பின்னரே விதை முளைக்கும். சில வாரங்களில் பாலைவனமே பூக்காடாகும். ஏமாற்றும் தூறலை நம்பாமல் காலமறிந்து முளைக்கும் அவ்விதையின் பொறுமையை என்னென்பது!

5. நீரைக் காக்கும் விலங்குகள்

ஒட்டகத்தின் திமிலில் நீர் இருக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. திமிலில் இருப்பது கொழுப்பு. உணவு கிடைக்காத நாள்களுக்கான சேமிப்பு. உடலெங்கும் பரவாமல் கொழுப்பு ஓரிடத்தில் திரண்டிருப்பதால் மற்றப் பகுதிகளின் வெப்பம் எளிதில் வெளியேறுகின்றது. ஒட்டகத்தின் உடல் வெப்பம் 34 பாகையிலிருந்து 41 பாகை வரையிலும் மாறக்கூடியது. ஆதலால் அது எளிதில் வியர்ப்பதில்லை. தன் எடையில் நான்கில் ஒரு பங்கு நீரை இழந்தாலும் அது தாங்கும். நீரைக் கண்டதும் பத்து, பதினைந்து நிமிடங்களில் 100 லிட்டர் வரை குடித்து விடும்.

வட அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் கங்காரு எலி நீர் குடிக்காமலே வாழவல்லது. உலர்ந்த விதைகளைத் தின்று, அவை உடலில் செரித்து எரியும்போது உண்டாகும் நீரைக்கொண்டே அது உயிர் வாழ்கின்றது. நமீப் பாலைவனத்து வண்டு ஒன்று, மூடுபனி வரும் காலை வேளையில் மணற்குன்றின் உச்சியில் தலைகீழாக நிற்கும். அதன் முதுகில் படியும் பனி துளியாகித் திரண்டு வாய்க்கு வழிந்து வரும். சகாராவின் பென்னக் நரிக்குப் பெரிய காதுகளே வெப்பத்தை வெளியேற்றும் வாயில்கள். பாலைவன விலங்குகளுள் பல பகலெல்லாம் வளையில் உறங்கி இரவிலேயே இரை தேடுகின்றன.

6. பாலையில் வாழும் மக்கள்

மனிதனுக்குத் திமிலும் இல்லை, பெரிய காதுகளும் இல்லை. அவனுக்கு வாய்த்தது அறிவு. ஈரான் நாட்டு மக்கள் மலையடிவாரத்து நிலத்தடி நீரைச் சுரங்க வழியாகப் பல கிலோமீட்டர் தொலைவு கொண்டுவந்தனர். நீர் மண்ணுக்குள்ளேயே ஓடுவதால் வெயிலில் ஆவியாவதில்லை. கனாத்து எனப்படும் இச்சுரங்கக் கால்வாய்களை 2016-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. சிலி நாட்டில் மலைமேல் வலை கட்டி மூடுபனியை நீராக்கிக் குடித்த மக்களும் உள்ளனர்.

இந்தியாவின் ராஜஸ்தானத்தில் தார் பாலைவனம் பரந்து கிடக்கின்றது. உலகில் மக்கள் நெருக்கம் மிகுந்த பாலைவனங்களுள் அதுவும் ஒன்று. அங்கு உயிர்காக்கும் மரமாகப் போற்றப்படுவது ‘கேஜ்ரி’. அது வேறெந்த மரமும் அன்று. தமிழ்நாட்டுச் சிவாலயங்கள் சிலவற்றில் தலமரமாக நிற்கும் வன்னி மரமே அது. அதன் வேர் ஆழத்து நீரைத் தேடிச் செல்லும். தழை கால்நடைகளுக்குத் தீவனம். காய் மனிதருக்கு உணவு. அதன் நிழலில் தானியமும் விளையும். 1730-ஆம் ஆண்டு ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜர்லி என்னும் ஊரில் இம்மரங்களை வெட்ட அரசனின் ஆட்கள் வந்தபோது, பிஷ்ணோய் வகுப்பைச் சேர்ந்த அம்ரிதா தேவி என்னும் பெண் மரத்தைக் கட்டித் தழுவித் தம் உயிரை ஈந்தார். அவரைத் தொடர்ந்து உயிர் ஈந்தவர்களையும் சேர்த்து 363 பேர் என்று வரலாறு கூறுகின்றது. ஒரு மரம் வீழ்ந்தால் ஊரே வீழும் என்பதைப் பாலைவன மக்கள் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

7. மனிதன் உண்டாக்கிய பாலைவனம்

இதுவரை நாம் கண்டவை இயற்கை அமைத்த பாலைவனங்கள். அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. அவையும் உலகின் ஓர் உறுப்பே. ஆனால் மனிதன் தன் கையாலேயே உண்டாக்கிய பாலைவனமும் உண்டு.

மத்திய ஆசியாவில் கசகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இடையே ஆரல் கடல் என்னும் மாபெரும் ஏரி இருந்தது. 1960-ஆம் ஆண்டில் அதன் பரப்பு ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். அது தீபகற்ப மலேசியாவின் பரப்பில் பாதி அளவாகும். உலக ஏரிகளுள் அது நான்காம் இடத்தில் இருந்தது. அமு தாரியா, சிர் தாரியா என்னும் இரு ஆறுகள் அதற்கு நீர் ஊட்டின. அன்றைய சோவியத் அரசு, பருத்தியைப் பெருமளவில் விளைவிக்க வேண்டி அவ்விரு ஆறுகளின் நீரையும் கால்வாய்களில் திருப்பியது. பருத்தி விளைந்தது, ஏரி வற்றியது. 2007-ஆம் ஆண்டளவில் அதன் பரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. 2014-இல் தெற்கு ஏரியின் கிழக்குப் பகுதி முழுவதும் வறண்டு போயிற்று. நீர் உப்பேறி மீன்கள் மடிந்தன. மொய்நாக் என்னும் துறைமுக நகரில் கப்பல்கள் மணல்மேல் துருப்பிடித்து நின்றன. வற்றிய ஏரிப் படுகையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி எழுந்து மக்களின் நலத்தைக் கெடுத்தது. அப்படுகைக்கு இன்று ‘ஆரல்கும்’ என்று பெயர். ஆரல் பாலைவனம் என்பது அதன் பொருள். மீன்பிடித்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தொழிலிழந்து தவித்தன. நீரைத் திருப்பும் திட்டத்தை வகுத்தவர்கள் அவர்கள் அல்லர். அதன் துன்பத்தைச் சுமந்தவர்களோ அவர்களே.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. 2005-இல் கசகஸ்தான் நாட்டில் கட்டி முடிக்கப்பட்ட அணை ஒன்றினால் வடக்குப் பகுதியில் நீர் உயர்ந்தது; மீன்களும் மீண்டும் பெருகின. தவறு செய்த கை திருத்தவும் செய்யலாம் என்பதற்கு இது சான்றாகும்.

அமெரிக்காவிலும் இத்தகைய துன்பம் நேர்ந்தது. புல்வெளிகளை உழுது கோதுமை பயிரிட்டனர். 1930-களில் வறட்சி வந்தபோது, மண்ணைப் பிடித்து வைக்கப் புல்லின் வேர்கள் இல்லை. 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் எழுந்த புழுதிப்புயல் பகலை இரவாக்கியது. அந்நாளைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்கின்றனர். இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினர். அதே ஆண்டில்தான் மண்ணைக் காப்பதற்கென அந்நாட்டில் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது.

மரங்களை அழித்தல், அளவுக்கு மீறிக் கால்நடைகளை மேய்த்தல், நீரை முறையின்றிப் பாய்ச்சி மண்ணை உப்பாக்குதல், மாறிவரும் உலகத் தட்பவெப்பம் ஆகியவற்றால் நல்ல நிலங்கள் வறண்ட நிலங்களாகி வருகின்றன. இதனைத் தடுப்பதற்காக 1994-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் சார்பில் ஓர் உலக ஒப்பந்தம் உருவாயிற்று. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 17-ஆம் நாள் அதற்குரிய உலக நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது.

8. ஒரு மண்வெட்டியின் வெற்றி

பாலையை எதிர்க்கப் பெரும் பொருளும் பெரும் பொறிகளும் வேண்டுமோ என்று ஐயுறலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் சகாராவின் தென் விளிம்பையொட்டிப் புர்கினா பாசோ என்னும் ஏழை நாடு உள்ளது. அங்கு யாகூபா சவடோகோ என்னும் உழவர் வாழ்ந்தார். 1980-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கடும் வறட்சி தாக்கியது. மக்கள் ஊரைவிட்டுச் சென்றனர். அவரோ சென்றாரில்லை.

வறண்டு இறுகிய நிலத்தில் சிறு குழிகள் தோண்டிப் பயிரிடும் பழைய வழக்கம் ஒன்று அங்கு இருந்தது. அவர் அக்குழிகளை இன்னும் அகலமாகவும் ஆழமாகவும் தோண்டினார். மழை வருமுன்பே அவற்றில் எருவை இட்டார். ஓடும் நீரைத் தடுத்து நிறுத்தக் கற்களை வரிசையாக அடுக்கினார். எருவை நாடி வந்த கறையான்கள் மண்ணைத் துளைத்து இளக்கின. மழை பெய்தபோது நீர் ஓடிப்போகாமல் குழியில் தங்கியது. தானியம் விளைந்தது. எருவிலிருந்த விதைகளிலிருந்து மரக்கன்றுகளும் முளைத்தன. அவற்றை வெட்டாமல் அவர் வளர்த்தார். கோடையில் குழி தோண்டிய அவரை முதலில் ஊரார் பித்தர் என்றனர். அவர் வளர்த்த மரங்களுக்குத் தீயும் வைத்தனர். அவர் மீண்டும் நட்டார். காலப்போக்கில் அங்கே 25 ஹெக்டருக்கும் மேற்பட்ட காடு எழுந்தது. பிற உழவர்களை அழைத்துத் தம் முறையையும் விதைகளையும் பகிர்ந்தளித்தார். 2018-இல் அவருக்கு ‘நல்வாழ்வுரிமை விருது’ என்னும் உலகப் புகழ்பெற்ற விருது கிடைத்தது. 2023-இல் அவர் காலமானார். அவர் காட்டிய வழி இன்றும் அந்நாட்டு உழவர்களுக்குப் பயன்படுகின்றது. ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுகூடி 2007-இல் தொடங்கிய ‘பசுமைப் பெருஞ்சுவர்’ திட்டமும், கண்டத்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் நீளத்திற்கு வறண்ட நிலத்தை மீட்பதையே நோக்கமாகக் கொண்டது.

9. மழை நாட்டில் வாழும் நமக்கு என்ன பாடம்?

ஆண்டெல்லாம் மழை பெய்யும் நமக்குப் பாலைவனத்தைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். மழை மிகுந்த நாட்டிலும் நீர்ப்பஞ்சம் வந்ததுண்டு. 1963, 1964-ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூரில் குடிநீர் பங்கீடு செய்யப்பட்டது. 1991-இல் மலாக்காவின் டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வறண்டது. 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் வாளிகளோடு வரிசையில் நின்றனர். வானம் தருவது பாதி. நாம் காப்பது பாதி.

தோட்டத் தொழிலாளர்களுக்கு இப்பாடம் புதிதன்று. இளம் இரப்பர்க் கன்றுகளின் வரிசைகளுக்கிடையே பயறுவகைக் கொடிகளைப் படரவிடுவதை அவர்கள் அறிவார்கள். அக்கொடி மழையின் அடியைத் தாங்குகின்றது, மண் கரைந்தோடாமல் காக்கின்றது, ஈரத்தை நிறுத்துகின்றது, மண்ணுக்கு உரமும் சேர்க்கின்றது. செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கிடையே அடுக்கி வைப்பதும், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நடுவதும் இதற்காகவே. புர்கினா பாசோ உழவர் கல் அடுக்கிச் செய்த வேலையை நம் பெற்றோர் கொடியாலும் மட்டையாலும் செய்து வருகின்றனர். மண்ணைப் போர்த்து வைப்பவர் நீரைக் காப்பவர் ஆகின்றார். ஆகையால் தோட்ட வேலையைச் சிறிய வேலை என்று எவரும் எண்ணலாகாது. நிலம் பாலையாகாமல் காக்கும் அறிவு அதில் அடங்கியிருக்கிறது.

மாணவர்களே! குழாயைத் திறந்தபடி விடாதீர்கள். மழைநீரைப் பீப்பாயில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றுங்கள். வீட்டின் பின்புறத்து வெற்று மண்ணில் கீரையோ புல்லோ வளருங்கள். காய்ந்த இலைகளைக் கொளுத்தாமல் மரத்தடியில் இடுங்கள். மழை பொய்ப்பதனால் மட்டுமன்றி, மனிதன் மறப்பதனாலும் நிலம் பாலையாகும். கள்ளியும் ஒட்டகமும் சிறு வண்டும் ஒரு துளியையும் வீணாக்காமல் வாழ்ந்து காட்டுகின்றன. ஆறறிவு பெற்ற நாம் அவற்றிற்குப் பின்தங்கலாமா?

செய்து பாருங்கள்

பெரிய நெகிழிப் புட்டிகள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் நீளமாக வெட்டித் திறந்துகொள்ளுங்கள். வெட்டுவதற்குப் பெரியவர்களின் உதவியை நாடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு மண்ணை நிரப்புங்கள். ஒன்றை வெறும் மண்ணாக விடுங்கள்; மற்றொன்றின்மேல் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள். இரண்டையும் வாய்ப்பக்கம் சற்றுத் தாழுமாறு சாய்த்து வைத்து, வாயின் கீழே ஒவ்வொரு குவளை வையுங்கள். ஒரே அளவு நீரைப் பூவாளியால் தெளியுங்கள். எந்தக் குவளையில் நீர் கலங்கி விழுகின்றது? எதில் தெளிந்து விழுகின்றது? அடுத்த நாள் எந்த மண்ணில் ஈரம் மிகுதியாக இருக்கின்றது? கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. அண்டார்டிகாவைப் பாலைவனம் என்று கூறுவது ஏன்?
2. கடலோரத்தில் இருந்தும் அட்டகாமாவில் மழை பெய்யாததற்குக் காரணம் யாது?
3. ஒட்டகத்தின் திமில் அதற்கு எவ்வாறு பயன்படுகின்றது?
4. ஆரல் கடல் வற்றியதால் துன்புற்றவர் யாவர்? ஏன்?
5. உங்கள் தோட்டத்தில் அல்லது ஊரில் மண்ணையும் நீரையும் காக்கச் செய்யப்படும் முறைகளைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, ஐந்து வாக்கியங்கள் எழுதுக.